பொருத்தம் பார்த்தல்

லினக்ஸ் கணினியில் ஒரு நிரலை இயக்கச் சொன்னதும் அந்த நிரல் உடனே ஓடத் தொடங்கிவிடுவதில்லை. கர்னல் அந்தக் கோப்பைத் திறக்கிறது; ‘என்னைத் தனியாக ஓட்ட முடியாது, முதலில் இன்னாரைக் கூப்பிடு’ என்று கோப்பின் முகப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த இன்னார்தான் ஏற்றி. அதுவும் ஒரு சிறு நிரல்தான். நிரலுக்கு எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்ற பட்டியலை ஏற்றி படிக்கிறது, அவை வட்டில் எங்கே இருக்கின்றன என்று தேடுகிறது, நினைவகத்துக்குள் கொண்டுவருகிறது, அந்த நூலகங்கள் தம் பங்குக்குக் கேட்கும் மற்ற நூலகங்களையும் தேடிப் போகிறது. நூலகம் என்பது பல நிரல்கள் பங்குபோட்டுக்கொள்ளும் செயற்கூறுகளின் தொகுப்பு: தரவைச் சுருக்குவது, மறையாக்கம் செய்வது, கோப்பைத் திறந்து மூடுவது போன்ற பொதுவேலைகளை ஒவ்வொரு நிரலும் தானே எழுதிக்கொள்ளாமல் அங்கிருந்து பெற்றுக்கொள்கிறது. கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் இந்தத் தேடலின் நடுவே ஒரு கேள்வி எழுந்து அடங்குகிறது. கிடைத்திருக்கும் நூலகம் இந்த நிரலுக்கு ஒத்துவருமா? அதை யார் கேட்பது, என்னவென்று கேட்பது என்பதில் மென்பொருள் உலகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கருத்துக்கு வரவில்லை.

கேள்வி எழுவதற்கே காரணம், நிரலும் நூலகமும் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு காலத்தில் உருவாவதுதான். மூலநிரலைக் கம்பைலரிடம் கொடுத்துக் கட்டும்போது நூலகம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கம்பைலருக்குத் தெரிய வேண்டியதில்லை. நூலகத்தோடு வரும் தலைப்புக் கோப்பு போதும். செயற்கூறுகளின் பெயர்கள், அவை கேட்கும் உள்ளீடுகள், தகவலைப் போட்டுவைக்கும் கட்டமைப்புகளின் அளவுகள் எல்லாம் அதில் இருக்கும். கம்பைலர் அந்த அளவுகளை வெறும் எண்களாக நிரலுக்குள் பதித்துவிடுகிறது. ழான்-லூ கெய்லியும் மார்க் அட்லரும் எழுதி 1995இல் வெளிவந்த இசட்லிப் நூலகத்தைப் பார்ப்போம். பிஎன்ஜி படங்கள் உட்பட எண்ணற்ற இடங்களில் தரவைச் சுருக்குவது அதுதான். அதன் வேலைக்கான கட்டமைப்பு 64 பிட் லினக்ஸில் சரியாக 112 பைட். ‘112 பைட் ஒதுக்கு’ என்ற கட்டளை நிரலுக்குள் உறைந்துவிட்டது. பின்னாளில் யாராவது அந்தக் கட்டமைப்பில் எட்டு பைட் கூட்டி 120 ஆக்கினால், பழைய நிரல் 112 பைட் இடத்தைத்தான் நீட்டும்; புதிய நூலகமோ 120 பைட்டிலும் எழுதும். கடைசி எட்டு பைட், நினைவகத்தில் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றின்மேல் விழும். அந்தக் கணத்தில் ஒன்றும் ஆகாது. நெடுநேரம் கழித்து, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் நிரல் நிலைகுலையும். நிலைகுலையாமல் தவறான விடையை அமைதியாகத் தந்துகொண்டே ஓடினால் இன்னும் ஆபத்து.

ஆகவே தொடக்கத்திலேயே சோதிப்பது நல்லது என்பதில் வாதமில்லை. வாதம், எதைச் சோதிப்பது என்பதில். மிக எளிதாகத் தோன்றும் வழி, பதிப்பு எண்ணைக் கேட்பது: நான் 1.0.1ஐ வைத்துக் கட்டப்பட்டேன், நீ எந்தப் பதிப்பு? பெரும்பாலான நிரலாளர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். இந்த அத்தியாயம் சொல்ல வருவது, இருக்கும் வழிகளிலேயே இதுதான் பலவீனமானது என்பதை. பதிப்பு எண் நூலகத்தின் அளவு அல்ல. நூலகத்தை எழுதியவர்கள் அதற்கு வைத்த பெயர், அவ்வளவுதான். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை நிச்சயிப்பது போல, அந்தப் பெயரிலிருந்து உள்ளடக்கத்தை ஊகிக்க ஒரு விதி வேண்டும். அந்த விதியோ எழுதியவர்கள் மனம் மாறும்போதெல்லாம் மாறும். தனக்கு எது தேவையோ அதை நிரல் நேரடியாகக் கேட்க முடிந்தால் ஊகத்துக்கே இடமில்லை. கேட்க முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. எண்ணை நம்பியதால் வந்த தொல்லைகளுக்கும் சான்றுகள் இருக்கின்றன. தொல்லைகளிலிருந்தே தொடங்குவோம்.

தொலைவிலுள்ள சர்வர்களுக்குள் நுழைய உலகெங்கும் பயன்படுவது ஓப்பன்எஸ்எஸ்ஹெச். மறையாக்க வேலைகளுக்கு அது ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைச் சார்ந்திருக்கிறது. அதன் மூலநிரலில், தற்செயல் எண்களுக்கு விதை போடும் ஒரு செயற்கூறுக்குள், தொடக்கத்திலேயே ஒரு சோதனை வருகிறது: கட்டும்போது தலைப்புக் கோப்பில் இருந்த பதிப்பு எண்ணையும், இப்போது ஓடும் நூலகம் தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணையும் ஒப்பிடு, ஒவ்வாவிட்டால் ‘பதிப்பு பொருந்தவில்லை’ என்று சொல்லி நின்றுவிடு. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பதிப்பை ஒரே முழு எண்ணுக்குள் அடைத்துவைத்திருந்தது. முதலில் பெரும்பதிப்பு, பிறகு சிறுபதிப்பு, அதன்பின் திருத்தம், அதன்பின் ஒட்டு எழுத்து, கடைசி இலக்கம் நிலை: சோதனைநிலையா, வெளியீடா என்பதற்கு. இந்த இலக்கங்களில் எவை ஒத்துப்போக வேண்டும்? 1.0.0க்கு முந்தைய பதிப்புகளில் ஒட்டு எழுத்தைத் தவிர எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும். 1.0.0 வந்தபின், பெரும்பதிப்பும் சிறுபதிப்பும் நிலையும் ஒன்றாக இருந்தால் போதும், திருத்த எண் கட்டியபோது இருந்ததற்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்கலாம். 2021இல் 3.0 வந்தபின் சிறுபதிப்பும் பொருட்டில்லை. பெரும்பதிப்பும் நிலையும் மட்டும். ஒரே நூலகத்துக்கு மூன்று விதிகள், மூன்றும் நிரலுக்குள் கிளைகிளையாக எழுதப்பட்டன. ஒவ்வொரு விதியும் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு அந்தந்தக் காலத்தில் கொடுத்த வாக்கின் நகல். வாக்கு மாறும்போதெல்லாம் வேறொரு குழு எழுதிய நிரலைத் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்துவதற்கு முன் கட்டப்பட்ட நிரல்களோ பழைய விதியைப் பிடித்துக்கொண்டு, நன்றாகவே பொருந்தும் நூலகத்தையும் தள்ளிவிடுகின்றன.

தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதும் நிரலைப் பொறுத்தது. சர்வரில் நுழைவாயிலாக இருக்கும் எஸ்எஸ்ஹெச் சேவை எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்; நூலகத்தைப் புதுப்பித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் நினைவகத்தில் பழைய நூலகமே இருக்கும், அதனால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு புது இணைப்புக்கும் அது ஒரு நிரலைப் புதிதாக இயக்குகிறது. அப்படி இயங்கும் நிரல் புதிய நூலகத்தை ஏற்றும். எண் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் இணைப்பு அறுவதில்லை, அதனால் அவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அவர் வெளியேறிய பிறகு யாராலும் நுழைய முடியாது. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு அது ஒன்றே வாசல் என்றால், பாதுகாப்புக்காக எழுதப்பட்ட நான்கு வரி, ஒரு வழக்கமான புதுப்பிப்பைச் சேவை முடக்கமாக மாற்றிவிடுகிறது.

டெபியன் இயங்குதளத்தார் இந்தச் சோதனையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தங்கள் தொகுப்பில் ஒரு ஒட்டுத்திருத்தம் வைத்து, நிலை இலக்கத்தைப் பார்க்கும் பகுதியை நீக்கினார்கள். அவர்கள் சொன்ன காரணம் நேரானது: நூலகம் பொருந்தாமல் மாறினால், ஏற்றி அதைத் தேடப் பயன்படுத்தும் பகிர்வுப் பெயரே மாறிவிடும், அதை ஏற்றியே கவனித்துக்கொள்ளும், சோதனைநிலைப் பதிப்பா வெளியீடா என்பது பொருத்தத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எனக்கு இந்தத் தர்க்கம் முழுக்க ஏற்புடையது. அதற்கு வலுச்சேர்க்க இன்னொன்றும் இருக்கிறது. நூலகத்தின் எண்ணைக் கேட்க நூலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு செயற்கூறைத்தான் அழைக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் 2016இல் 1.1.0 பதிப்பை வெளியிட்டபோது, பதிப்பைச் சொல்லும் அந்தச் செயற்கூறின் பெயரையே மாற்றிவிட்டது. பழைய பெயரில் கேட்கும் நிரலுக்குக் கேள்வி கேட்கவே வழியில்லை. அதே வெளியீட்டில் பகிர்வுப் பெயரும் மாறியதால் ஏற்றி முன்கூட்டியே தடுத்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் அதுவேதான் வாதமும்: மிகப்பெரிய பொருத்தமின்மை வரும்போது நிரலுக்குள் இருக்கும் சோதனை வாயைத் திறக்கவே முடியாது, அதற்கு முந்தைய அடுக்குதான் காப்பாற்றியது.

எண் பொருத்தத்தைச் சொல்வதில்லை என்பதைவிட, எண் உள்ளடக்கத்தையே சொல்வதில்லை என்பது இன்னும் அடிப்படையானது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது நினைவிருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் அது இருந்தது, 1.0.1ஜி பதிப்பில் அடைக்கப்பட்டது. எண்ணை மட்டும் பார்ப்பவர் எஃப் என்றால் ஆபத்து, ஜி என்றால் பத்திரம் என்று முடிவுகட்டுவார். நடந்தது அப்படியல்ல. ரெட்ஹேட்டும் டெபியனும் தங்கள் நிலையான வெளியீடுகளில் 1.0.1இ பதிப்பை வைத்திருந்தன. ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்து அந்தப் பழைய பதிப்பிலேயே சேர்த்து அனுப்பின. எண் அப்படியே 1.0.1இ. பாதிக்கப்பட்ட நூலகமும் சரிசெய்யப்பட்ட நூலகமும் கேட்பவரிடம் ஒரே பதிலைச் சொல்லின. பல ஆண்டுகள் நிலையாக ஓட வேண்டிய இயங்குதளங்களுக்கு இது அன்றாட நடைமுறை, தவறும் அல்ல. தவறு, அந்த எண்ணை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதில்தான்.

இனி மறுபக்கம். முன்பு சொன்ன இசட்லிப் இதே சிக்கலை எப்படிக் கையாண்டது என்று பார்த்தால், வேறு வகையான சிந்தனை தெரிகிறது. சுருக்கும் வேலையைத் தொடங்க நிரலாளர் அழைப்பதாக நினைக்கும் செயற்கூறு உண்மையில் ஒரு மேக்ரோ. கம்பைலர் அதை விரிக்கும்போது, நிரலாளர் கொடுத்த உள்ளீடுகளோடு அவர் கொடுக்காத இரண்டைத் தானே சேர்க்கிறது: தலைப்புக் கோப்பில் இருந்த பதிப்புச் சரம், கட்டமைப்பின் அளவு. ஓடும்போது நூலகம் இரண்டையும் சரிபார்க்கிறது. பதிப்புச் சரத்தில் முதல் எழுத்தை மட்டுந்தான் பார்க்கிறது! 1.2 என்றாலும் 1.3 என்றாலும் முதல் எழுத்து 1, அது போதும். கட்டமைப்பின் அளவைப் பொறுத்தவரை சலுகையே இல்லை: நிரல் சொல்லும் 112ம் நூலகம் தனக்குள் அறிந்த அளவும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எதையும் தொடாமல் பிழைக்குறி ஒன்றைத் திருப்பித் தருகிறது. நிரலைக் கொல்வதில்லை, என்ன செய்வது என்ற முடிவை நிரலிடமே விடுகிறது. நினைவகத்தைச் சிதைக்கக்கூடியது எதுவோ, அதை நேரடியாக அளந்துவிட்டது. எண்ணுக்குக் கொடுத்த மரியாதை ஒரே ஓர் எழுத்து. 1995இலிருந்து இன்றுவரை அந்த நூலகத்தின் முதல் இலக்கம் பெரும்பாலும் 1ஆகவே இருந்து வருகிறது என்பதால் அந்த ஓர் எழுத்துக்கும் வேலை வந்ததாகச் சொல்ல முடியாது. அளவுச் சோதனைக்கு வேலை உண்டு: ஒரே பதிப்பையே வேறு கம்பைலர் அமைப்புகளோடு கட்டினால் எண் மாறாது, அளவு மாறக்கூடும்.

ஏற்றியின் கதைக்கு வருவோம். அங்கேதான் இந்தச் சிந்தனை முழுவடிவம் பெற்றது. 1980களின் இறுதியில் வந்த சன்ஓஎஸ் 4இல் நூலகக் கோப்பின் பெயரிலேயே இரண்டு எண்கள் இருந்தன. முதல் எண் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் ஏற்றி ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு நிரலை ஓடவிடும். பழைய திருத்தமாக இருக்கிறதே என்ற அந்த எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் திரையில் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் நிரலுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் புதிய திருத்தத்தில் சேர்ந்த செயற்கூறுகளை அது பயன்படுத்தியிருக்கவே மாட்டாது. ஒன்றும் ஆகாத எச்சரிக்கையை மூன்றாம் நாள் யார் படிப்பார்கள்? 1990களின் நடுவில் சோலாரிஸ் இயங்குதளத்தில் சன் நிறுவனப் பொறியாளர்கள் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நூலகம் முழுமைக்கும் ஒரு பதிப்பு என்பதை விட்டு, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அது எந்தத் தொகுதியில் அறிமுகமானது என்ற முத்திரையைக் குத்தினார்கள். நிரலைக் கட்டும்போது, அது உண்மையில் பயன்படுத்தும் செயற்கூறுகளின் முத்திரைகள் மட்டும் நிரலுக்குள் பதியும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி இந்த முறையை எடுத்து இன்னும் விரித்தது: ஒரே பெயரில், வெவ்வேறு முத்திரைகளோடு, ஒரே செயற்கூறின் பல வடிவங்கள் அருகருகே இருக்கலாம்.

ஏற்றி இதைச் சோதிக்கும் விதத்தை நெருங்கிப் பார்க்கலாம். நிரலுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது: இன்ன நூலகத்திடம் இன்னின்ன முத்திரைகள் எனக்கு வேண்டும். நூலகத்துக்குள் எதிர் அட்டவணை: என்னிடம் இன்னின்ன முத்திரைகள் உண்டு. ஏற்றி ஒவ்வொரு தேவைக்கும், முதலில் முத்திரையின் 32 பிட் சுருக்க எண்ணை ஒப்பிடுகிறது. அது ஒத்தால்தான் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. எது பெரிது, எது சிறிது என்ற கேள்வியே இல்லை. 2.14 என்பது 2.2.5ஐவிடப் பெரியது என்று ஏற்றிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. முத்திரை இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் ‘இந்த முத்திரை கிடைக்கவில்லை, இதைக் கேட்பது இந்தக் கோப்பு’ என்று இரண்டு பெயர்களையும் சொல்லி நிறுத்திவிடுகிறது. இவ்வளவும் நிரலின் ஒரு கட்டளைகூட ஓடுவதற்கு முன். இதன் அருமை, முத்திரை இல்லாத நூலகங்களைப் பார்த்தால் விளங்கும். வேகத்துக்காக, செயற்கூறுகளை முதல்முறை அழைக்கும்போதுதான் தேடிப் பிணைப்பது நீண்டகால வழக்கம். அப்படியானால் தேவையான செயற்கூறு இல்லாத நூலகத்தோடும் நிரல் அழகாகத் தொடங்கும். பாதிக் கோப்பை எழுதிய பிறகு அந்தச் செயற்கூறைத் தொடும்போது விழும். முத்திரைச் சோதனை அந்த விழுகையை வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறது.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் எழுகிறது. பெயரும் அளவும் அப்படியே இருந்து, நடத்தை மட்டும் மாறினால்? எந்த அட்டவணையும் அதைக் காட்டாதே. எண் உயர்ந்திருப்பதுதானே ஒரே தடயம்? 2010இல் இது அப்படியே நடந்தது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறை, புதிய இன்டெல் செயலிகளில் வேகமாக ஓடும்படி ஜிலிப்சியில் மாற்றி எழுதினார்கள். சில சமயம் அது பின்னாலிருந்து முன்னோக்கி நகலெடுக்கும். மூல இடமும் சேரும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது சி மொழித் தரநிலையின் நிபந்தனை, ஆகவே எந்தத் திசையில் நகலெடுத்தாலும் பாதகமில்லை. ஆனால் 64 பிட் அடோபி ஃபிளாஷ் அந்த நிபந்தனையை மீறியிருந்தது. முன்னாலிருந்து நகலெடுத்தவரை யாருக்கும் தெரியவில்லை. ஃபெடோரா 14இல் புதிய நூலகம் வந்ததும் ஃபிளாஷ் வழியே கேட்ட ஒலி கரகரத்தது. தவறு யாருடையது என்ற விவாதத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இறங்கினார். தரநிலை என்ன சொன்னாலும், பயனருக்கு நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்பதே அவர் கட்சி.

தீர்வு 2011இல் ஜிலிப்சி 2.14இல் வந்தது. மெம்காப்பிக்கு 2.14 என்ற புது முத்திரையோடு வேகமான வடிவம்; பழைய 2.2.5 முத்திரையைக் கேட்கும் நிரல்களுக்கு, இடங்கள் படிந்தாலும் சரியாக நகலெடுக்கும் மெம்மூவ். ஏற்கெனவே கட்டப்பட்ட எந்த நிரலும் திருத்தப்படவில்லை, எச்சரிக்கப்படவும் இல்லை. அவற்றுக்குப் பாதுகாப்பான நடத்தையே கிடைத்தது. எண்ணைக் கேட்கும் சோதனை இங்கே என்ன செய்திருக்கும்? ஒன்று, 2.13ஐத் தாண்டியது என்று எல்லா நிரல்களையும் நிறுத்தியிருக்கும். அல்லது எல்லாவற்றையும் அனுமதித்திருக்கும். நடத்தை மாற்றத்தை இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்காது என்ற ஆட்சேபம் உண்மைதான். அதை ஒரு மனிதர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னபிறகு அதைப் பதிவு செய்ய ஓர் இடம் வேண்டும். செயற்கூறுக்குத் தனி முத்திரை அந்த இடத்தைத் தருகிறது, முழு நூலகத்துக்கும் ஒற்றை எண் தருவதில்லை. விலையும் இல்லாமலில்லை. 2.14க்குப் பிறகு கட்டப்பட்ட, மெம்காப்பியைத் தொடும் எந்த நிரலும் 2.12ஐ வைத்திருந்த சென்ட்ஓஎஸ் 6இல் ஓட மறுத்தது. அந்த இயங்குதளம் 2020 வரை ஆதரவோடு இருந்ததால், அந்தப் பிழைச்செய்தியைச் சபித்தவர்கள் ஒரு தலைமுறை நிரலாளர்கள்.

சபித்தவர்கள் பக்கமும் நியாயம் கேட்போம். 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34க்குப் பிறகு, திரையில் ஒரே ஒரு சொல்லை அச்சிடும் நிரலைக்கூட உபுண்டு 22.04இல் கட்டி 20.04இல் ஓட்டினால் ஏற்றி மறுத்துவிடும். அச்சிடும் செயற்கூறு எத்தனையோ ஆண்டுகளாக மாறவில்லையே, இது வீண் பிடிவாதம் அல்லவா? அல்ல. முதன்மைச் செயற்கூறு தொடங்குமுன் செய்ய வேண்டிய ஆயத்த வேலைகளில் ஒரு பகுதி அதுவரை ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஒரு துண்டாகச் சேர்க்கப்பட்டு வந்தது, 2.34இல் அதை நூலகத்துக்குள் நகர்த்தினார்கள். புதிதாகக் கட்டிய நிரலில் அந்தத் துண்டு இல்லை. பழைய நூலகமோ அது நிரலில் இருக்கும் என்று நம்பியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் அந்த ஆயத்த வேலைகளை யாருமே செய்யமாட்டார்கள். நிரல் தொடங்கும், அதன் உள்நிலை அரைகுறையாக இருக்கும். ஏற்றி மறுத்தது எண் சிறியது என்பதற்காக அல்ல. தொடக்கச் செயற்கூறின் புதிய வடிவம் அங்கே உண்மையிலேயே இல்லை என்பதற்காக.

இன்னோர் ஆட்சேபம் அறிவியல் கணக்கீட்டுத் துறையிலிருந்து வருவது. செயற்கைக்கோள் தரவு, காலநிலை மாதிரிகள் போன்றவற்றைச் சேமிக்கும் ஹெச்டிஎஃப்5 நூலகம் நெடுங்காலம் மிகக் கண்டிப்பாக இருந்தது. பெரும்பதிப்பு, சிறுபதிப்பு, திருத்தம் மூன்றும் தலைப்புக் கோப்போடு துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால், தரவு சிதையலாம் என்று அச்சிட்டு நிரலை அங்கேயே முறித்துவிடும். அந்தச் சோதனை ஒளிந்திருக்கும் இடம் சுவையானது: ‘படிக்க மட்டும் திற’ என்பதைக் குறிக்கும் மாறிலிக்குள்ளேயே அது பொதிந்திருக்கிறது, கோப்பைத் திறக்க அந்தச் சொல்லை எழுதினாலே சோதனை நடந்துவிடும். ஆண்டுக்கணக்கில் திரட்டிய அளவீடுகள் கெடுவதைவிட நிரல் நிற்பது மேல் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அதே நூலகம் ஒரு சூழல் மாறியையும் வைத்தது: 1 என்று வைத்தால் எச்சரித்துவிட்டுத் தொடரும், 2 என்று வைத்தால் எச்சரிக்கையும் வராது. திருத்த எண் மட்டும் மாறிய, உண்மையில் பொருந்தும் நூலகங்களையும் சோதனை தள்ளியதால் மக்கள் அந்த மாறியைக் கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை உள்ளமைவுக் கோப்பில் எழுதிவிட்டால் உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அது அங்கேயே இருக்கும். அளவுக்கு மீறிய கண்டிப்பு இப்படித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. பைத்தான் உலகிலும் இதைப் பார்க்கலாம்: நம்பை என்ற நூலகத்தின் ஒரு கட்டமைப்பு 88க்குப் பதில் 96 பைட் என்ற எச்சரிக்கை தீங்கற்ற இடங்களிலெல்லாம் வந்ததால், அதை வடிகட்டி மறைக்கும் வரியை நம்பையே தனக்குள் சேர்த்துக்கொண்டது. இந்த உதாரணம் என் கட்சிக்கு முழுச் சாதகமல்ல, ஒப்புக்கொள்கிறேன்; அங்கே கேட்டது எண்ணை அல்ல, அளவை. கட்டமைப்பை ஒதுக்குவது யார் என்று பார்க்காமல் அளவை மட்டும் பார்த்தால் அளவும் பொய்யான பயத்தைத் தரும். இசட்லிப்பில் இடம் ஒதுக்குவது நிரல், ஆகவே அளவு உயிர்நாடி. நூலகமே ஒதுக்கித் தரும் இடத்தில் கட்டமைப்பின் வால் சற்று நீண்டால் யாருக்கும் நட்டமில்லை.

எண்ணைத் துல்லியமாகக் கேட்பதுதான் சரி என்னும் இடமும் உண்டு. என்விடியா வரைகலை அட்டையின் இயக்கியில் ஒரு பாதி கர்னலுக்குள்ளும் மறு பாதி நூலகமாகவும் இருக்கிறது. புதுப்பித்தபின் கணினியை மறுதொடக்கம் செய்யாவிட்டால், கர்னலில் பழைய பாதி, வட்டில் புதிய பாதி. உடனே பதிப்பு பொருந்தவில்லை என்ற செய்தி வரும். இரண்டும் ஒரே பொட்டலத்தில் வருபவை. அவற்றுக்கு இடையிலான உறவு நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்கே இல்லாத இடத்தில் எண் வெறும் அடையாள அட்டை. இரண்டு பாதியும் ஒரே கட்டில் பிறந்தவையா என்று கேட்க அது போதும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டால் சோதனையே வேண்டாமே என்பார்கள் இன்னொரு சாரார். டாக்கர் போன்ற கொள்கலன்களும் முழுக்க உள்பிணைத்த நிரல்களும் அந்த வழி. பாதி உண்மை. ஆனால் ஹார்ட்பிளீட் போன்ற நாளில், பகிர்ந்த நூலகம் ஒன்றைத் திருத்தி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுதொடக்கம் செய்தால் இயந்திரம் முழுக்கச் சரியாகும். பெட்டிகளாக இருந்தால் ஒவ்வொரு பெட்டியையும் அதைக் கட்டியவர் மறுபடி கட்ட வேண்டும். மேலே சொன்ன என்விடியா நூலகமும் பெட்டிக்குள் வைக்க முடியாதது: வெளியே ஓடும் கர்னலோடு ஒத்துப்போக வேண்டுமென்பதால் வெளியிலிருந்தே உள்ளே நீட்டப்படுகிறது. ஆக, கேள்வி பெட்டியின் சுவருக்கு இடம் பெயர்கிறதே தவிர மறைவதில்லை. முத்திரை முறை எல்லா நூலகத்துக்கும் கட்டுப்படியாகாது என்பதை மறுக்கவில்லை. ஒரே செயற்கூறின் பழைய வடிவங்களை ஆண்டுக்கணக்கில் சுமக்க ஜிலிப்சி போன்ற குழுவால் முடியும். ஓய்வுநேரத்தில் ஒருவர் பராமரிக்கும் நூலகத்தால் முடியாது. அவருக்கு டெபியன் சொன்ன வழி போதும்: பொருத்தம் உடையும்போது பகிர்வுப் பெயரை மாற்று, மற்றதை ஏற்றி பார்த்துக்கொள்ளும். நிரலுக்குள் எண்ணைக் கேட்கும் வரியை எழுதும் ஆசையை மட்டும் அடக்கினால் சரி.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022 ஆகஸ்டின் ஜிலிப்சி 2.36 ஓர் அழகான சான்று. நிரலை நினைவகத்தில் ஏற்றும்போது அதிலுள்ள முகவரிகளைத் திருத்த ஓர் அட்டவணை வேண்டும். அதைப் பல மடங்கு சுருக்கிவைக்கும் புது வடிவத்துக்கு அந்தப் பதிப்பு ஆதரவு சேர்த்தது. பழைய ஏற்றிக்கு அந்த வடிவம் தெரியாது, தெரியாத அட்டவணைகளை அது பேசாமல் தாண்டிப் போய்விடும். முகவரிகள் திருத்தப்படாத நிரல் முதல் அடியிலேயே எங்காவது விழும். ஏற்கெனவே உலகெங்கும் நிறுவப்பட்டுவிட்ட பழைய ஏற்றிகளுக்குப் புது விதி சொல்லிக்கொடுக்க வழியில்லை. அதனால் ஜிலிப்சி, எந்தச் செயற்கூறும் இல்லாத வெற்று முத்திரை ஒன்றைத் தன் பட்டியலில் சேர்த்தது. சுருக்கிய அட்டவணையோடு கட்டப்படும் நிரல்களில், அந்த முத்திரை தனக்கு வேண்டும் என்ற கோரிக்கையை, கட்டும்போது நிரலை நூலகங்களோடு கோக்கும் இணைப்பி எழுதிவிடுகிறது. புது அட்டவணையைப் பற்றி ஒன்றும் அறியாத பழைய ஏற்றி, வழக்கம்போல் முத்திரைகளைத் தேடுகிறது, அந்தப் பெயரைக் காணாமல், நிரலின் முதல் கட்டளைக்கு முன்பே மறுத்துவிடுகிறது.